எட்டு வயதில் ஆசிரியர், எழுபத்து மூன்றில் கிராமி

புடாபெஸ்ட் நகரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு மாணவர் கிடைத்தார். சிறுவன் செல்லோ என்ற வாத்தியத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொண்டிருக்கும்போதே கற்றுக்கொடுக்கவும் தொடங்கிவிட்டான். பன்னிரண்டு வயதில் அவனிடம் ஐந்து பேர் படித்தார்கள். நம் தமிழ்ப்பள்ளிக் கணக்கில் சொன்னால், இரண்டாம் ஆண்டில் ஆசிரியரானவனுக்கு ஆறாம் ஆண்டில் ஒரு சிறு வகுப்பே சேர்ந்துவிட்டது!

அந்தச் சிறுவன்தான் யானோஷ் ஸ்டார்க்கர். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோ கலைஞர்களின் பட்டியலை யார் எழுதினாலும் அதில் இடம்பெறும் பெயர். அதே நூற்றாண்டின் மிகச் சிறந்த செல்லோ ஆசிரியர்களின் பட்டியலிலும் இதே பெயர் இருக்கும். இரண்டு பட்டியலிலும் முன்வரிசையில் நிற்பவர்கள் மிகக் குறைவு.

நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. நன்றாக வாசிப்பவர் மேடைக்குப் போவார், மேடை கிடைக்காதவர் டீச்சராவார் என்று. பாட்டு, நடனம், மிருதங்கம், கீபோர்டு என எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கையே போடுகிறோம். ஸ்டார்க்கரின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, இந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இந்த வாரம் அவர் கதை.

முதலில், செல்லோ என்றால் என்ன?

பெயர் தெரியாமலே நாம் எல்லோரும் கேட்டிருக்கும் வாத்தியம் இது. இளையராஜாவின் பின்னணி இசையில் வயலின்கள் மேலே பறந்துகொண்டிருக்கும்போது, அடியில் கனமாக, நெஞ்சைப் பிடித்து இழுப்பது போல ஒரு தந்தி ஒலி வரும் அல்லவா? பெரும்பாலும் அது செல்லோதான். 1986-ல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

வயலின் குடும்பத்தில் இது பெரிய அண்ணன். சுமார் நான்கு அடி உயரம், நான்கு தந்திகள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிக்க வேண்டும். கீழே ஓர் இரும்பு முனை தரையில் ஊன்றி நிற்கும். வீணையில் இருப்பதைப் போன்ற மெட்டுகள் இதில் இல்லை. விரல் எங்கே அழுந்த வேண்டும் என்பதைக் காதும் கையும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நூலிழை விலகினாலும் சுருதி போய்விடும்.

ஆண் குரலின் அடி ஆழத்திலிருந்து பெண் குரலின் உயரம் வரை இதனால் தொட முடியும். அதனால்தானோ என்னவோ, செல்லோவைக் கேட்டால் யாரோ நம்மிடம் பேசுவது போலவே இருக்கும். குரலை வைத்துப் பிழைக்கும் வானொலிக்காரியான எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் வந்ததற்கும் அதுதான் காரணம்.

அம்மாவின் சாண்ட்விச், கிளியின் கட்டளை

ஸ்டார்க்கர் 1924 ஜூலை 5-ஆம் தேதி ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மூத்த சகோதரர்கள் திபோர், எடே இருவரும் வயலின் வாசிப்பவர்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு வயலின். மூன்றாமவனுக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே ஒரு செல்லோவைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவருடைய அம்மாவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசி என்று சொல்லிப் பையன் பயிற்சியிலிருந்து எழுந்துவிடக் கூடாதாம். அதற்காகச் சின்னச் சின்ன சாண்ட்விச்களாகச் செய்து இசைக்குறிப்பு வைக்கும் தாங்கியிலேயே வைத்துவிடுவாராம். போதாததற்கு வீட்டுக் கிளிக்கும் பயிற்சி. “வாசி, வாசி” என்று அது பையனை விரட்டிக்கொண்டே இருக்குமாம். டியூஷன் வகுப்பு வாசலில் சோற்று டப்பாவோடு காத்திருக்கும் நம் அம்மாக்களுக்கு இந்தப் பெண்மணியைப் பிடிக்காமல் போகாது.

அவர் படித்தது புடாபெஸ்டின் லிஸ்ட் இசைக் கழகத்தில். செல்லோ ஆசிரியர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் ஆசிரியர் டேவிட் பாப்பர். செல்லோ கற்கும் மாணவர்கள் உலகெங்கும் இன்றும் விழி பிதுங்க வாசிக்கும் 40 பயிற்சிப் பாடங்களை எழுதியவர் இந்தப் பாப்பர். நாம் குரு பரம்பரை என்கிறோமே, அதுபோன்ற ஒன்று புடாபெஸ்டிலும் இருந்தது. ஸோல்தான் கோடாய், பேலா பார்டோக், எர்னோ டோனானி, லியோ வைனர் என்று பெரிய இசை மேதைகள் நடமாடிய இடம் அது. அவர்களின் பாதிப்பு கடைசி வரை ஸ்டார்க்கரிடம் இருந்தது.

பதினோரு வயதில் அந்தக் கழகத்தில் அரங்கேற்றம். பதினான்கு வயதில் ஒரு சோதனை. ட்வோர்ஷாக் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை வாசிக்க வேண்டிய கலைஞர் வர முடியாமல் போய்விட்டது. மூன்று மணி நேர அவகாசத்தில் பையனை அழைத்தார்கள். இசைக்குழுவோடு அரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும், செல்லோ உலகின் மிகக் கடினமான படைப்புகளில் ஒன்று அது. போனான், வாசித்தான். தொழில்முறைக் கலைஞராக அவர் வாழ்க்கை அன்று தொடங்கியது.

மூவரில் ஒருவர்

பிறகு போர் வந்தது. ஹங்கேரியின் யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை உலகம் அறியும். திபோரையும் எடேயையும் கட்டாய உழைப்புக்கு இழுத்துப் போனார்கள். இருவரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். ஸ்டார்க்கர் மூன்று மாதம் தடுப்பு முகாமில் இருந்தார். வயதில் இளையவராக இருந்ததால் அண்ணன்களின் முடிவு அவருக்கு நேரவில்லை.

அதே ஆண்டுகளில்தான் நம் மண்ணிலிருந்து தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். தாத்தாவைப் பற்றி, கொள்ளுத் தாத்தாவைப் பற்றி “போனவர் திரும்பவில்லை” என்று மட்டும் தெரிந்த குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. மூன்று பிள்ளைகளும் தந்தி வாத்தியம் வாசித்த ஒரு வீட்டில், ஒரே ஒரு வாத்தியம் மிஞ்சியது எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கொந்தளிப்பான ஆண்டுகளில் மின்வேலைக்காரராகவும் இருந்திருக்கிறார், கந்தகச் சுரங்கத்திலும் உழைத்திருக்கிறார் ஸ்டார்க்கர். போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஓப்ராவிலும் ஃபில்ஹார்மோனிக் குழுவிலும் முதன்மை செல்லோ கலைஞர் ஆனார். ஆனால் நாடு அப்போது சோவியத் படைகளின் பிடியில் இருந்தது. 1946-ல் வெளியேறினார். முதலில் வியன்னா, பிறகு பாரிஸ்.

பாடத் தெரிந்த பறவை

இந்த இடத்தில்தான் அவர் கதையின் திருப்பம் வருகிறது. என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்ததும் இதுதான்.

ஆறு வயதிலிருந்து மேடையில் இருந்தவருக்கு இருபத்திரண்டு வயதில் திடீரென்று வாசிப்பு கைநழுவியது. காயம் இல்லை, நோய் இல்லை. இவ்வளவு நாள் தானாக வந்தது தானாக வரவில்லை. அவ்வளவுதான். பின்னாளில் ஒரு பேட்டியில் இதற்கு அவர் பறவையை உதாரணம் காட்டினார். பறவை பாடுகிறது. எப்படிப் பாடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஒருநாள் அது விழித்துக்கொண்டு ‘நான் எப்படிப் பாடுகிறேன்?’ என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும்? பதில் இருக்காது. பாட்டும் வராது. குழந்தை மேதைகளுக்கு நேர்வது இதுதான், தனக்கும் நேர்ந்தது இதுதான் என்றார். மனம் உடைந்துபோகும் நிலைக்கே வந்துவிட்டாராம்.

கைராசி, கடவுள் கொடுத்த வரம், ரத்தத்திலேயே இருக்கிறது என்றெல்லாம் நாம் பிள்ளைகளைப் புகழ்கிறோம். வரம் என்று சொல்லிவிட்டால் அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரம் ஒருநாள் வராமல் போனால் அதைச் சரிசெய்யவும் யாருக்கும் வழி தெரிவதில்லை.

ஸ்டார்க்கர் வழி தேடினார். மேடையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் வாசிப்பைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார். வில்லின் எடை தந்தியில் எப்படி இறங்குகிறது? கையால் அழுத்துகிறோமா, அல்லது முதுகிலிருந்து வரும் பலத்தை வில் வழியாக விடுகிறோமா? இடக்கை கழுத்துப் பகுதியிலிருந்து கீழே தாவும்போது அந்தத் தாவல் எந்த நொடியில் தொடங்குகிறது? விரல் நகரும்போதா, அதற்கு முன்பே தோளிலா? மூச்சு எங்கே நிற்கிறது? தசை எங்கே தேவையில்லாமல் இறுகுகிறது?

ஒவ்வொன்றுக்கும் விடை கண்டுபிடித்த பிறகு மீண்டும் வில்லை எடுத்தார். இப்போது எப்படிப் பாடுகிறோம் என்று பறவைக்குத் தெரியும். அதை இன்னொரு பறவைக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும்.

ஒரே வாத்தியம், ஓர் இசைக்குழுவின் ஓசை

அதன் பலன் பாரிசிலேயே தெரிந்தது. கோடாய் 1915-ல் தனி செல்லோவுக்காக ஒரு சொனாட்டா எழுதியிருந்தார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. அரை மணி நேரம் ஒரே ஆள், ஒரே வாத்தியம். போதாக்குறைக்கு, நான்கு தந்திகளில் தாழ்ந்த இரண்டையும் அரை சுரம் இறக்கிக் கட்ட வேண்டும். விரல்களுக்குப் பழகிய இடமெல்லாம் மாறிப்போகும். ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டு, வீதி மேளம், புலம்பல் என எல்லாம் அந்த ஒரு செல்லோவிலிருந்து வர வேண்டும்.

பதினைந்து வயதிலேயே அதைக் கோடாய் முன் வாசித்துக் காட்டியவர் ஸ்டார்க்கர். பாரிசில் அவர் செய்த ஒலிப்பதிவுக்கு 1948-ல் பிரான்சின் புகழ்பெற்ற ‘கிராண்ட் பிரி து டிஸ்க்’ விருது கிடைத்தது. அமெரிக்கா போன பிறகு 1950-ல் மறுபடியும் பதிவு செய்தார். அதை ஒலிப்பதிவு செய்தவர் பேலா பார்டோக்கின் மகன் பீட்டர் பார்டோக். வில் தந்தியைக் கடிக்கும் சத்தம் கூட அருகில் கேட்கும். இவ்வளவும் ஒரே ஆள்தானா என்று இரண்டு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

மூன்று இசைக்குழுக்கள், ஒரு சிறிய ஊர்

1948-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். முதலில் டாலஸ் சிம்ஃபனியில் முதன்மை செல்லோ. அதை நடத்தியவர் ஆன்டல் டோராட்டி. மறு ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓப்ரா. 1953-ல் சிகாகோ சிம்ஃபனி. இந்த இரண்டு இடங்களிலும் அவரை வைத்துக்கொண்டவர் ஃபிரிட்ஸ் ரைனர். டோராட்டி, ரைனர் இருவரும் புடாபெஸ்டில் பிறந்து அதே லிஸ்ட் கழகத்தில் படித்தவர்கள். வந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் கைகொடுப்பது நமக்கும் புதிதல்லவே!

ரைனர் காலத்துச் சிகாகோ சிம்ஃபனி உலகின் மிகச் சிறந்த இசைக்குழுக்களில் ஒன்று. அங்கே முதல் நாற்காலி என்பது பலருக்கு வாழ்நாள் கனவு. ஐந்து ஆண்டுகளில் ஸ்டார்க்கர் அதிலிருந்து எழுந்துவிட்டார். 1958-ல் இந்தியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற சிறிய பல்கலைக்கழக ஊருக்குப் பேராசிரியராகப் போனார்.

சிகாகோவிலிருந்து புளூமிங்டனுக்கா? நம் பாஷையில் சொன்னால் கோலாலம்பூரை விட்டு ஏதோ ஒரு கம்பத்துக்குக் குடிபோவது போல. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளித் தலைவர் வில்ஃபிரட் பெய்ன், உலகத் தரமான கலைஞர்களை ஒவ்வொருவராக அந்த ஊருக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். பியானோவுக்கு மெனஹெம் பிரெஸ்லர், வயலினுக்கு ஜோசப் கிங்கோல்ட், பிறகு ஸ்டார்க்கரின் புடாபெஸ்ட் நண்பரான பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷெபோக். சோள வயல்களுக்கு நடுவே ஒரு புடாபெஸ்ட் உருவானது.

அங்கே போனதால் அவர் மேடை வாழ்க்கை முடிந்ததா என்றால், உண்மையில் அங்கிருந்துதான் அது விரிந்தது. இசைக்குழுவின் தினசரி வேலை இல்லாததால் உலகம் முழுவதும் தனிக் கலைஞராகச் சுற்றினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளைப் பதிவு செய்தார். ‘பென்ஹர்’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கிய மிக்லோஷ் ரோசா இவருக்காகவே ஒரு செல்லோ கான்செர்ட்டோ எழுதினார். இந்தியானாவில் உடன் பணியாற்றிய கறுப்பின ஜாஸ் இசையமைப்பாளர் டேவிட் பேக்கரும் இவருக்காக எழுதினார். 1705-ல் மத்தேயோ கோஃப்ரில்லர் வெனிஸில் செய்த செல்லோ ஒன்று இவர் கைக்கு வந்ததும் இந்த ஆண்டுகளில்தான்.

பாக் எழுதிய ஆறு தனி செல்லோ தொகுப்புகளை வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களில் மீண்டும் மீண்டும் பதிவு செய்தார். அவற்றில் கடைசிப் பதிவுக்கு 1998-ல் கிராமி விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 73. முழுநேரப் பேராசிரியராகி நாற்பது ஆண்டு ஆகியிருந்தது.

இங்கேதான் நம் பழைய கணக்கு உடைகிறது. கற்பிக்காமல் தன்னால் மேடையில் வாசிக்க முடியாது, மேடையில் வாசிக்காமல் கற்பிக்கவும் முடியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். என்ன செய்கிறோம் என்று இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் உண்மையில் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரியும் என்பது அவர் கட்சி. இருபத்திரண்டு வயதில் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இது வெறும் அடக்கப் பேச்சு இல்லை என்று விளங்கும். ஒவ்வொரு மாணவரும் அவரிடம் அதே கேள்வியைக் கொண்டு வந்தார்கள்: எப்படி? ஒவ்வொரு முறையும் அவர் விடை சொல்ல வேண்டியிருந்தது. அதனால் பறவை மறுபடி மறக்கவில்லை.

கேட்பவர்தான் கலங்க வேண்டும்

ஸ்டார்க்கர் வாசிக்கும் காணொளியை முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண்ணை மூடி உருகுவது, தலையை ஆட்டுவது, உடம்பை வளைப்பது எதுவும் இல்லை. மொட்டைத் தலையும் கூர்மையான பார்வையுமாக, கணக்குப் பார்க்கும் அதிகாரி போல உட்கார்ந்திருப்பார். சத்தம் மட்டும் நம்மை உலுக்கும்.

மாணவர்களுக்கு அவர் சொன்ன ஒரு வாக்கியம் மிகவும் பிரபலம்: கிளர்ச்சியை உண்டாக்கு, நீ கிளர்ச்சியடையாதே. கலைஞர் தன் உணர்ச்சியிலேயே மூழ்கிவிட்டால் தசை இறுகும், வில் நடுங்கும், கேட்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. கண்டிப்பான ஆசிரியர் என்றும், தவறை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் என்றும் பெயர் எடுத்தவர். அதே நேரத்தில் தவறு எங்கே பிறக்கிறது, அதைச் சரிசெய்ய எந்தத் தசையைத் தளர்த்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவார். ‘இன்னும் உணர்ச்சியோடு வாசி’ என்று மட்டும் சொல்லி மாணவரைத் திருப்பி அனுப்பும் ரகம் இல்லை.

இதைப் படித்தபோது என் கலையகம்தான் நினைவுக்கு வந்தது. இரங்கல் செய்தியை வாசிக்கும் அறிவிப்பாளர் தானே அழுதுவிட்டால் கேட்பவர் காதில் விழுவது அழுகை மட்டும்தான், செய்தி விழாது. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது இதைப் பாடமாக எழுதித் தேர்விலும் புள்ளி வாங்கினேன். ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதை எனக்குக் காட்டியது பாடநூல் இல்லை.

சில ஆண்டுகளாகப் புதிய அறிவிப்பாளர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். ஒருநாள் ஒரு தம்பி கேட்டான். “அக்கா, நீங்க நீளமான வாக்கியம் படிக்கும்போது மூச்சு வாங்குற சத்தமே மைக்ல கேக்க மாட்டேங்குது. எங்க மூச்சு விடுறீங்க?” பதில் என் நாக்கு வரை வரவில்லை. அன்று மாலை என் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். வாக்கியம் முடியும் இடத்தில் நான் மூச்சு எடுப்பதில்லை. வாக்கியத்துக்கு நடுவே, பொருள் லேசாகத் திரும்பும் இடங்களில், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். பத்து ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்று அவன் கேட்ட பிறகுதான் என் கைக்குள் வந்தது. மறுநாள் அவனுக்குச் சொன்னேன். அவனும் தேறிவிட்டான், என் வாசிப்பும் முன்பைவிட நன்றாகியது. ஸ்டார்க்கர் சொன்னதை நான் நம்புவதற்கு இது ஒன்றே போதும்.

பரம்பரை கிளை விட்டது

1961-ல் ஜப்பானிலிருந்து சுயோஷி சுட்சுமி என்ற இளைஞர் ஸ்டார்க்கரிடம் படிக்க புளூமிங்டன் வந்தார். இரண்டே ஆண்டில், 1963-ல், காசால்ஸ் அனைத்துலக செல்லோ போட்டியில் முதல் பரிசு பெற்றார். போட்டி நடந்த ஊர் எது தெரியுமா? புடாபெஸ்ட். ஆசிரியர் விட்டு வந்த ஊரில் மாணவர் வென்றார். பின்னாளில் அதே சுட்சுமி இந்தியானாவிலேயே பேராசிரியராகப் பணியாற்றினார். 2007-ல் தோக்கியோவின் புகழ்பெற்ற சன்டோரி மண்டபத்தின் தலைவரானார்.

ஜெர்மனியின் மரியா கிளீகல் 1981-ல் பாரிசில் நடந்த ரோஸ்ட்ரோபோவிச் போட்டியில் வென்றார். அதே போட்டியில் 1986-ல் வென்றவர் கேரி ஹாஃப்மன். இருவருமே ஸ்டார்க்கரின் மாணவர்கள், இருவருமே பிறகு ஆசிரியர்களும் ஆனார்கள். இன்று உலகின் பல இசைக்குழுக்களிலும் இசைக் கல்லூரிகளிலும் அவரிடம் படித்தவர்களோ அவர்களின் மாணவர்களோ இருக்கிறார்கள்.

2013 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்டார்க்கர் புளூமிங்டனிலேயே காலமானார். வயது 88. சிறிய ஊர் என்று நாம் நினைத்த அந்த இடத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்திருந்தார்.

நம் வீட்டுக்கு வருவோம்

நிகழ்ச்சி முடிந்த பிறகு தொலைபேசியில் அழைத்துப் பேசும் நேயர்கள் பலர். அப்படி ஒருமுறை ஒரு தாயார். மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டாள், இசை படிக்க ஆசைப்படுகிறாள். “படிக்க வைக்கலாம்மா. ஆனா கடைசியில மியூசிக் டீச்சராத்தானே போகணும்?” என்றார். அந்த ‘தானே’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

பணக் கவலை நியாயமானது. நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளை ஏதோ ஒரு வேலையில் நிலைத்தால்தான் மூச்சு வரும். இசைத் துறையில் நிலையான சம்பளம் எளிதல்ல என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டார்க்கரின் வாழ்க்கையை அந்தக் கவலையின் கண்ணோடு பார்த்தாலும் ஒரு விடை இருக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது பல்கலைக்கழகம். அந்தச் சம்பளம் இருந்ததால்தான் யாருக்கும் வளைந்து கொடுக்காமல் தான் விரும்பியதைப் பதிவு செய்ய முடிந்தது. ஆசிரியர் வேலை அவருடைய மேடைக்கு அடித்தளமாக இருந்தது.

படிக்க இடமும் இருக்கிறது. மலேசியாவில் அஸ்வாராவிலும் யுஐடிஎம்மிலும் இசை படிக்கலாம். சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி 2003 முதல் நடக்கிறது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998 முதல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்து வருகிறது. குடும்பத்தோடு ஒருமுறை போய் செல்லோ வரிசைக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள். 1981-ல் தொடங்கப்பட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நம் கலைகளுக்கு எத்தனை ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு இசை ஆசிரியர் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எத்தனை பிள்ளைகள் கிரேடு தேர்வில் டிஸ்டிங்ஷன் வாங்கினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தவறாக வாசிக்கும்போது ஆசிரியர் “தப்பு, மறுபடி” என்று மட்டும் சொல்கிறாரா? அல்லது தவறு கையில் எங்கே தொடங்கியது என்று காட்டுகிறாரா? ஆசிரியர் இன்னும் தானும் வாசிக்கிறாரா? கோயில் விழாவோ, சிறு அரங்கமோ, எங்கேயாவது மேடையில் உட்காருகிறாரா? இரண்டும் இருந்தால் மாதக் கட்டணத்தில் இருபது ரிங்கிட் கூடினாலும் யோசிக்காதீர்கள்.

பள்ளி விடுமுறையில் இன்னொரு காரியமும் செய்யலாம். நான்கைந்து ஆண்டாக வீணையோ வயலினோ கீபோர்டோ கற்றுவரும் பிள்ளை வீட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்கோ சித்தி மகனுக்கோ வாரம் அரை மணி நேரம் முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். காசு வேண்டாம், ஒரு தட்டு வடை போதும். முதல் வாரமே சின்னது “ஏன் விரலை இப்படி வைக்கணும்?” என்று கேட்கும். உங்கள் பிள்ளை கொஞ்ச நேரம் விழிக்கும், பிறகு தன் விரலையே உற்றுப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

கேட்க விரும்புவோருக்கு: ஸ்டார்க்கர் வாசித்த பாக் முதல் தொகுப்பின் தொடக்கப் பகுதி இரண்டரை நிமிடம்தான். வேலைக்குப் போகும் வழியில், எல்ஆர்டியிலோ எம்ஆர்டியிலோ, காதணிக் கருவியில் கேளுங்கள். பிடித்திருந்தால் ட்வோர்ஷாக் கான்செர்ட்டோ. துணிச்சல் வந்த பிறகு கோடாய் சொனாட்டா. அதை மட்டும் இரவில், வீடு அடங்கிய பிறகு, கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.